புல்தரையின் ஓரம்

புல்தரையைப் பார்க்க வருகிறவர்கள் நடுவைப் பார்ப்பதில்லை சார், ஓரத்தைத்தான் பார்ப்பார்கள். நடுவில் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் ஓரம் பிய்ந்து கிடந்தால் அதை யாரும் புல்தரை என்று சொல்ல மாட்டார்கள், மேய்ச்சல் காடு என்றுதான் சொல்வார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முட்டி தேய உட்கார்ந்து ஓரம் வெட்டி வெட்டித் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் வாங்கிக்கொடுத்த டீ நன்றாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் ஆட்களோடு வந்து என் வீட்டு முன்புறத்தை முழுக்கத் தோண்டிப் பார்க்கப் போவதாக ஏட்டையா சொன்னார். கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் தயாராம். அதனால்தான் நானே கிளம்பி ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் ஜெயிலில் வைத்திருக்கும் ஆட்டுக்காரச் சோலையைப் பற்றியும், கறி தின்று செத்துப்போன அவன் மகள் முத்துச்செல்வியைப் பற்றியும்தான் உங்களுக்குக் கேட்க வேண்டியிருக்கும். சொல்கிறேன். ஆனால் முதலில் புல்லைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பொங்கலுக்கு என் மகன் குடும்பத்தோடு வருகிறான். அதற்குள் அந்தப் புல் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

என் பெயர் கோபாலசாமி. கோவில்பட்டியில் உரக்கடையும் பூச்சிமருந்துக் கடையும் வைத்திருந்தவன். பருத்தி போடுகிற, உளுந்து போடுகிற பாதிப் பேர் என்னிடம்தான் மருந்து வாங்கியிருப்பார்கள். வயதான பிறகு கடையைக் கொடுத்துவிட்டு, கழுகுமலை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் சொந்தப் புஞ்சையிலேயே வீடு கட்டிக்கொண்டேன். என் மகன் கிருஷ்ணகுமார் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். போன தடவை கோடையில் வந்தார்கள். பேரன் வீட்டுக்குப் பின்னால் ஓடினான். கரிசல் கோடையில் எப்படி வெடித்துக் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வெடிப்பில் அவன் கால் முட்டி வரைக்கும் இறங்கிவிட்டது. கணுக்கால் எலும்பில் விரிசல் விழுந்து, குழந்தை கத்திய கத்து ஊருக்கே கேட்டது. மருமகள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். பிள்ளை காலை வைக்க ஒரு சாண் இடம் இல்லாத ஊர் இது என்றாள். அவர்கள் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மனைவி உமாதேவியும் கூடவே போனாள். போனவள் போனவள்தான். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அடுத்த லீவுக்கு என்பாள்.

மதுரை விமான நிலையத்தில் வைத்து கிருஷ்ணகுமார் என் தோளைத் தட்டிச் சிரித்தான். "வீட்டு முன்னால ஒரு லான் போடுங்கப்பா, வாரோம்" என்றான். சிரித்துக்கொண்டு சொன்னால் என்ன, சொன்னான் இல்லையா? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கரிசலில் புல்தரை போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை சார். மழை பெய்தால் மண் உப்பி, ஓரத்தில் பதித்த கல்லைத் தூக்கிவிடும். காய்ந்தால் சுருங்கி, கல்லுக்கும் புல்லுக்கும் நடுவில் கை நுழைகிற அளவுக்குச் சந்து விழும். மண்ணை முதலில் பதப்படுத்த வேண்டும். அதற்கு எங்கள் பக்கத்தில் கிடை போடுவோம். ராத்திரி ஆட்டு மந்தையைப் புஞ்சையில் அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அதைவிட நல்ல உரத்தை நான் என் கடையில் விற்றதில்லை. சோலையைக் கூப்பிட்டுக் கிடை போடச் சொன்னேன். என் வீட்டுக்கு அந்தப்புறம் நாலு வீடு தள்ளி இருக்கிறான். கன்னி ஜாதி ஆடுகள், எல்லாம் கறுப்பு, காதில் வெள்ளைக் கோடு. மாசி மாசம் முழுக்க அவன் ஆடுகள் என் வீட்டு முன்னால்தான் படுத்தன. கூலி பேசினேன், வேண்டாம் என்றுவிட்டான். பக்கத்து வீட்டுக்குச் செய்வதற்கு என்ன கூலி என்றான்.

அதற்கப்புறம் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துச் செம்மண் கொட்டினேன், மணல் கொட்டினேன். நர்சரியிலிருந்து கொரியன் புல்லைப் பாய் பாயாக வாங்கிவந்து விரித்தேன். சுற்றிலும் கடப்பைக் கல்லை நூல் பிடித்துப் பதித்தேன். மூன்று பக்கம் காம்பவுண்டுச் சுவர் உண்டு. முன்பக்கம் மட்டும் சுவர் வைக்கவில்லை, முழங்கால் உயரத்துக்கு ஒரு சங்கிலி கட்டினேன். பாதையில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் புல் எதற்கு? கம்பிவேலியாவது போடுங்கள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். கம்பிக்கு உள்ளே புல்லை வைத்தால் அது பார்க்கச் சகிக்காது.

ஊரில் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நிற்கிற பொம்பிளைகள் என் குழாயைப் பார்த்துக் கரித்துக்கொட்டினார்கள். கிடை போட்டது, கல் பதித்தது எல்லாவற்றையும் கேலி செய்தார்கள். நாயக்கர் காளை மாடு வாங்கப் போகிறாரா என்றார்கள். நான் காதில் வாங்கவில்லை.

கேலி செய்யாத ஒரு ஆள் முத்துச்செல்விதான். சோலையின் ஒரே மகள். குளத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. ஐப்பசியில் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழியில் சங்கிலிக்கு அந்தப்பக்கம் நின்று புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தாயி என்றேன்.

"மாமா, செருப்பக் கழட்டிட்டு ஒரு நடை நடந்துக்கிடவா? காலெல்லாம் வீங்கிக் கெடக்கு."

ஓரத்தை மட்டும் மிதிக்காதே என்று சொல்லி உள்ளே விட்டேன். அவள் சங்கிலியைத் தாண்டி, ஓரத்தையும் தாண்டிக் காலை எடுத்துவைத்து, நடுவில் மெதுவாக நடந்தாள். மெத்துமெத்தென்று இருக்கிறது என்றாள். ஓரம் கத்தரி வைத்து வெட்டினாற்போல இருக்கிறது என்றாள். எனக்கு மனசு நிறைந்துபோனது, மறைப்பானேன். அந்தப் புல்லில் வெறுங்காலோடு நடந்த ஒரே ஆள் அவள்தான். அதற்குப் பிறகும் நாலைந்து தடவை வந்து நடந்தாள்.

தொந்தரவு ஆடுகளால் வந்தது. கிடை கிடந்த இடத்தை ஆடு மறக்காது சார். மேய்ச்சலுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் மந்தை என் வீட்டு முன்னால் வந்தவுடன் தானாகத் திரும்பும். அதற்கு அது தன் இடம். சங்கிலிக்கு அடியில் தலையை விட்டு, கல்லின் மேல் முன்னங்காலை வைத்து, ஓரப் புல்லைப் பற்றி இழுக்கும். புதுப்புல் வேரோடு வந்துவிடும். குளம்பு பட்ட இடம் பொடிந்து பாதைக்குச் சரியும். நான் நூல் பிடித்து வைத்த ஓரம் எலி கடித்த துணி போல ஆகிவிட்டது.

நான் சலிக்காமல் சரிசெய்தேன். ஓரம் உடைந்தால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. உடைந்த இடத்தோடு சேர்த்துப் புல்லைச் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். அப்படியே திருப்பி வைக்க வேண்டும். நேராக வெட்டிய பக்கம் வெளியே வந்துவிடும், உடைந்த பக்கம் உள்ளே போய்விடும். உள்ளே விழுகிற பள்ளத்தில் மண்ணும் உரமும் போட்டு மூடி, துண்டுப் புல்லை ஊன்றித் தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நாளில் மூடிக்கொள்ளும். பாதையில் நின்று பார்க்கிறவனுக்கு எதுவும் தெரியாது. அப்படி நான் எத்தனை இடத்தில் திருப்பி வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நான் இன்றைக்குத் திருப்பி வைத்தால் நாளைக்கு அதே இடத்தில் ராசாத்தி வந்து வாயை வைக்கும். ராசாத்தி என்பது மந்தைக்கு முன்னால் போகிற ஆடு. சோலை அதற்குப் பெயரெல்லாம் வைத்திருந்தான்.

அவனிடம் முதலில் தன்மையாகத்தான் சொன்னேன். பிறகு சத்தம் போட்டேன். ஆரம்பத்தில் துரட்டிக் கம்பால் ஆட்டை ரெண்டு அடி அடிப்பான், மன்னிப்புக் கேட்பான். ஒரு நாள் அவனுக்கு என்ன தோன்றியதோ, கம்பை ஊன்றி நின்று சிரித்துவிட்டான்.

"புல்லுன்னா ஆடு கடிக்கத்தான செய்யும் அண்ணாச்சி. வேற எதுக்கு வளக்குதீக?"

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்கு அது தெரியும். ஆனால் எனக்குள் ஏறிய கோபத்தை நான் எப்படிச் சொல்வேன்? எதற்கு வளர்க்கிறேன் என்று அவனிடம் நான் சொல்ல வேண்டுமா? அவன் மகள் நினைத்தால் பஸ் ஏறி வந்துவிடுவாள். பேரப்பிள்ளை அவன் வீட்டில்தான் பிறக்கப் போகிறது. வாசலில் வேப்பமரத்தில் தொட்டில் கட்டுவான். புல்லும் வேண்டாம், கல்லும் வேண்டாம். அவன் சிரிப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு புல்லைச் சுற்றி நடந்து காட்டினேன். வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுவோம். உமாதேவி தெலுங்கில் கேட்டாள், ஓரத்தில் அது என்ன, சொறி பிடித்த நாய் மாதிரி என்று. பின்னால் மருமகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கிருஷ்ணகுமார் எட்டிப் பார்த்து, ஆடெல்லாம் உள்ளே வருமா, பையன் பயப்படுவானே என்றான். பொங்கலுக்கு வருவது பற்றிக் கேட்டேன். பார்ப்போம் என்றான். என் மகனை எனக்குத் தெரியும். பார்ப்போம் என்றால் வருகிறேன் என்று அர்த்தம்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் சங்கிலிப் பக்கம் நின்றேன். எனக்கு அந்த ஆட்டின் மேல் கோபம், சோலையின் மேல் கோபம், அந்த மண்ணின் மேல் கோபம். பொழுது போனதும் தெரியவில்லை.

இந்த வருஷம் கார்த்திகையில் மழை ஏமாற்றிவிட்டது. சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. இது உங்களுக்குத் தெரிய வேண்டும் சார், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. வாடிய இளஞ்சோளம் ஆட்டுக்கு விஷம். மேய்ந்த ஆடு நின்ற இடத்தில் விழும். இங்கே ஆட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் உயிர் போகுமுன் கழுத்தை அறுத்துவிட்டால், குடலைத் தூரப் போட்டுவிட்டுக் கறியைத் தின்னலாம் என்பது இங்கே வழக்கம். தின்று யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஆடு விழுந்தால் உடனே அறுத்துக் கூறு போட்டுத் தெருவுக்குக் கொடுத்துவிடுவார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

வேர்ப்புழுவுக்காக ஓரத்தில் மருந்து ஊற்றினேன். கடையைக் கொடுத்தபோது ஒதுக்கி வைத்த பழைய பருத்தி மருந்து, இப்போது விற்கக் கூடாதது, ஒன்று வீட்டில் இருந்தது. அதைப் பூவாளியில் கலந்து கல்லை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் ஊற்றினேன். நடுப்புல்லில் ஒரு சொட்டு விடவில்லை.

மருந்தடித்த புஞ்சையில் ஓரமாக ஒரு குச்சியை நட்டு, காலி மருந்து டப்பாவை அதன் தலையில் கவிழ்த்து வைப்பார்கள். தூரத்திலேயே ஆட்டுக்காரன் பார்த்து மந்தையைத் திருப்பிவிடுவான். கடைக்கு வருகிற ஒவ்வொருவனிடமும் இதைச் சொல்லித்தான் மருந்தைக் கையில் கொடுப்பேன். நான் குச்சி நடவில்லை. அவ்வளவு பாடுபட்டு நேராக்கிய ஓரத்தில் ஒரு குச்சியும் டப்பாவும் நின்றால் நன்றாகவா இருக்கும்?

மறுநாள் காலை மந்தை வந்தது, திரும்பியது. ராசாத்திதான் முதலில் வாயை வைத்தது. மற்ற ஆடுகளைச் சோலை அதட்டி ஓட்டிவிட்டான். நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். பாதையைத் தாண்டி அந்தப்பக்கம் பெருமாள்சாமியின் சோளப் புஞ்சை இருக்கிறது. அந்த வரப்பில் போய் ஆடு விழுந்தது. சோலை ஓடினான். வாடிய சோளத்துக்குப் பக்கத்தில் விழுந்த ஆட்டைப் பார்த்தால் எந்த ஆட்டுக்காரனும் என்ன நினைப்பானோ அதைத்தான் அவனும் நினைத்தான். கத்தியை எடுத்தான். ஒரு மணி நேரத்தில் வேப்பமரத்தடியில் தோலை உரித்துத் தொங்கவிட்டு, பனையோலையில் கூறு கூறாகப் போட்டு, அவன் பெண்டாட்டி பெருமாயி வீடு வீடாகக் கொடுத்தனுப்பினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் வீட்டுக்கும் ஒரு கூறு வந்தது. முத்துச்செல்வியே கொண்டுவந்தாள். அவளுக்கு மாசம் நெருங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. சங்கிலியைத் தாண்டாமல் வெளியிலேயே நின்று கையை நீட்டினாள்.

"அப்பா குடுத்துவிட்டாக மாமா. எனக்கு ரத்தம் கம்மின்னு நர்சம்மா சொன்னாக, அதுக்கு அம்மா சுவரொட்டியும் ஈரலும் எனக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கு."

"சரி தாயி" என்றேன். ஓலையை வாங்கிக்கொண்டேன். அவள் புல்லைப் பார்த்தாள். இன்றைக்கு நடக்கவா என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று திரும்பிப் போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் கேட்டிருக்கும். ஆனால் கூப்பிட்டு என்ன சொல்வது? ஓரத்தில் மருந்து ஊற்றினேன் என்றா? அப்புறம் ஊரே வந்து என் புல்லின் மேல் நின்றுதான் என்னிடம் நியாயம் கேட்கும்.

அந்தக் கூறை நான் தின்னவில்லை. நாய்க்கும் போடவில்லை, பாவம் என்று. காலையில்தான் ராசாத்தி கடித்த இடத்தை வெட்டித் திருப்பி வைத்திருந்தேன். உள்பக்கம் பள்ளம் இருந்தது. கறியை ஓலையோடு அதில் போட்டேன், மேலே செம்மண் போட்டேன், புல் ஊன்றித் தண்ணீர் தெளித்தேன். மாமிச உரம் புல்லுக்கு நல்லதுதான்.

வெயில் தாழ ஆரம்பித்தபோது அலறல் கேட்டது. தெருவில் பல பேருக்கு வாந்தி. மற்றவர்களுக்கு வாந்தியோடு போனது. ஈரல் தின்ற முத்துச்செல்விக்கு வாயில் நுரை தள்ளியது. ஆம்புலன்ஸ் வந்தது. இந்த இடத்தைப் பற்றிப் பெருமாயி உங்களிடம் சொல்லியிருப்பாள், அவள் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் பாதை குறுகல். வண்டி திரும்ப வேண்டும் என்றால் என் முன்புறத்தில் ஏறித்தான் திரும்ப வேண்டும். டிரைவர் பையன் இறங்கிச் சங்கிலியை அவிழ்க்க வந்தான். நான் குறுக்கே நின்றேன். ரிவர்ஸிலேயே போனால் புளியமரத்தடியில் விசாலமான இடம் இருக்கிறது, அங்கே திருப்பிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை, கையைக் காட்டித்தான் சொன்னேன். சோலை மகளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, வண்டிய விடுங்க."

"இப்பத்தான் வேர் புடிக்குது சோலை" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். யாரோ கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்தார்கள். அதில் அவளைப் படுக்கவைத்துப் புளியமரம் வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வண்டி ரிவர்ஸில் ஊர்ந்து அவர்களுக்குப் பின்னால்தான் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். டாக்டர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். வயிற்றில் இருந்தது ஆண் குழந்தை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஊர் சோலையின் மேல் பாய்ந்தது. நோய் வந்த ஆட்டை அறுத்துத் தெருவுக்கே விஷம் வைத்தான் என்றார்கள். நீங்கள் அவனை என் வீட்டுக்கு முன்னால் நிறுத்தித்தான் கேட்டீர்கள், ஊரெல்லாம் தின்ற கறியை நீ மட்டும் ஏன் தின்னவில்லை என்று. அவன் திரும்பிக் கட்டுத்தறியைப் பார்த்தான். தான் வளர்த்த ஆட்டை அவன் ஒருநாளும் தின்றதில்லை. கிடை போட்டிருந்தபோது என் வீட்டில்தான் ராத்திரிச் சாப்பாடு, அப்போதே எனக்கு அது தெரியும். நீங்கள் என்னையும் கேட்டீர்கள். அவன் ஆடு, அவனுக்குத்தான் சார் தெரியும் என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். அவனை வண்டியில் ஏற்றும்போது அவன் ஆடுகள் கட்டுத்தறியில் கத்திக்கொண்டிருந்தன. அன்றைக்குச் சாயங்காலமே பார்ப்பாரில்லாமல் அவிழ்த்துக்கொண்டு நேராக என் ஓரத்துக்கு வந்துவிட்டன. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. குழாயால் தண்ணீரை அடித்து விரட்டினேன். நல்லவேளை, அதற்குள் நான் இரண்டு தடவை தண்ணீர் பாய்ச்சி மருந்தைக் கீழே இறக்கிவிட்டிருந்தேன்.

இப்போது பரிசோதனையில் பருத்தி மருந்து என்று வந்துவிட்டது. பெருமாயி என் புல்லைக் கை காட்டுகிறாள். நீங்கள் தோண்டப் போகிறீர்கள். இதுவரைக்கும் நான் சொன்னதில் இரண்டு மூன்று இடத்தில் சரியாகச் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டால் நீங்கள் முழுவதையும் தோண்ட வேண்டிய தேவை இருக்காது.

என் புல்லில் வேர்ப்புழு கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்லை.

மருந்து வாடைக்கு ஆடு வாய் வைக்காது என்று எனக்குத் தெரியும். அதற்காகப் பூவாளியில் கருப்பட்டியையும் கரைத்து ஊற்றினேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னேன் இல்லையா? அதுவும் சரியில்லை. ஆடு வரப்பில் விழுந்ததும் சோலை உடனே கத்தியை எடுக்கவில்லை. அவனுக்கு ஏதோ சந்தேகம் இருந்திருக்கிறது. என் வாசலுக்கு ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, செத்த இங்கன வந்து பாருங்களேன். சோளத்த மேஞ்சிருச்சு போலுக்கு. ஆனா வாயில வடியுறது வேற மாதிரி இருக்கு. நீங்க மருந்துக்கட வச்சிருந்தவிய, பாத்துச் சொல்லுங்க. அறுக்கலாமா, இல்ல குழி தோண்டிப் பொதைச்சிரட்டுமா?"

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே போனேன். குனிந்து பார்த்தேன். எச்சில் நூலாக வடிந்தது, கால் வெட்டி வெட்டி இழுத்தது, கண்மணி சுருங்கிப்போயிருந்தது. மருந்தடித்து மயங்கி விழுந்த ஆட்களை என் கடை வாசலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சோலை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

"சோளந்தான். அறுத்துரு" என்றேன்.

முத்துச்செல்வி கர்ப்பமாக இருப்பது எனக்கு அப்போது ஞாபகத்தில் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. தெருவில் யார் யார் தின்பார்கள் என்பதும் தெரியும். அவனுக்கு ஒரு பாடம் வேண்டும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய பாடம் என்று அளந்து பார்க்கவில்லை. நானும் அவனைப் போலவே ஏமாந்துவிட்டேன் என்று நினைத்துத்தான் சோலை என்னைக் கேட்டதை உங்களிடம் சொல்லாமல் இருக்கிறான் போல. சோலையின் ஆட்டைக் கொன்றதும் நான்தான், அவன் மகளையும் பேரனையும் கொன்றதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன்.

ஆனால் தோண்டுகிற ஆட்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள். வீட்டைப் பார்த்து நின்றால் இடதுகைப் பக்கம், குழாயடிக்கு நேரே உள்ள கடப்பைக் கல்லை ஒட்டி ஒரு சதுரம் தெரியும். கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், சீக்கிரம் கண்ணில் படாது. அதற்கு உள்பக்கத்தில்தான் கறி இருக்கிறது. அந்த ஒரு இடத்தை மட்டும் தோண்டினால் போதும். கடப்பாரை வேண்டாம், தட்டை மண்வெட்டி போதும். புல்லைப் பாயாகப் பெயர்த்து, நிழலில் ஈரச் சாக்கின் மேல் வையுங்கள். வேலை முடிந்ததும் அதே போலத் திரும்ப வைத்து, பலகை போட்டு லேசாக மிதிக்கச் சொல்லுங்கள். தினம் காலையில் யாராவது தண்ணீர் தெளித்தால் பொங்கலுக்குள் பிடித்துவிடும். கிருஷ்ணகுமார் இன்னும் டிக்கெட் போடவில்லை. இந்த விஷயம் கேள்விப்பட்டதிலிருந்து அவன் போனையும் எடுப்பதில்லை. வேலை அதிகமாக இருக்கும், போட்டுவிடுவான்.

சோலையை இன்றைக்கே விடுவதற்கு ஆவன செய்யுங்கள் சார். அவன் வெளியே வரும்போது எனக்காக ஒன்றே ஒன்று சொல்லிவிடுங்கள். பொங்கல் வரைக்குமாவது ஆடுகளை அந்தப் பக்கமாக ஓட்ட வேண்டாம்.